பைக் விலைக்குப் பக்கத்தில் ஒரு கார்... நானோ கனவு ஏன் கலைந்தது? இனி சாத்தியமா?

திடீர் மழை. மேம்பாலத்துக்குக் கீழே இருபது முப்பது பைக்குகள் ஒதுங்கி நிற்கின்றன. அதில் ஒரு ஸ்கூட்டரில் நான்கு பேர். முன்னால் நின்றபடி வந்த பையன், ஓட்டிவந்த அப்பா, பின்னால் கைக்குழந்தையோடு அம்மா. குழந்தையின் தலையில் அம்மாவின் முந்தானை. ஹெல்மெட் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அப்பாவின் தலையில்.

சென்னையோ மதுரையோ கோவையோ, தமிழ்நாட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பலரும் அப்படி ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டே வளர்ந்தவர்கள்தான்.

"இவங்க நாலு பேரும் நனையாம, விழாம போற மாதிரி, பைக் விலையைவிடக் கொஞ்சம் அதிகமா ஒரு கார் கொடுத்தா என்ன?" இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் டாடா நானோ. உலகமே திரும்பிப் பார்த்த அந்தக் கார், பத்தே ஆண்டுகளில் காணாமல் போனது. கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

மலிவு விலை கார் ஏன் பைக்கின் இடத்தைப் பிடிக்கவில்லை? வெளிநாடுகளில் என்ன நடந்தது? இனி அப்படி ஒரு கார் வருமா? விரிவாகப் பார்க்கலாம்.

மறுபடியும் ஏன் இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றம்தான் காரணம். நான்கு மீட்டருக்குள் நீளமும், 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் கொண்ட சிறிய கார்களுக்கு அதுவரை 28 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் செஸ் என்று வரி இருந்தது. அது ஒரே அடியாக 18 சதவீதமாகக் குறைந்தது.

இதையொட்டி மாருதி சுசூகி தன் விலைகளைக் குறைத்தது. எஸ்-பிரஸ்ஸோவின் ஆரம்ப ஷோரூம் விலை 3.49 லட்சம் ரூபாய் என்றும், ஆல்டோ கே10 விலை 3.69 லட்சம் ரூபாய் என்றும் அறிவிப்பு வந்தது. "பைக் வைத்திருப்பவர்கள் இனி காருக்கு மாறுவார்கள்" என்ற பேச்சும் கூடவே கிளம்பியது.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அதே நாளில் 350 சிசி வரையிலான பைக், ஸ்கூட்டர்களுக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கார் மலிவானபோது பைக்கும் மலிவானது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பள்ளம் எவ்வளவு பெரியது?

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 1.96 கோடி இருசக்கர வாகனங்கள் விற்றன. கார், எஸ்யூவி, வேன் எல்லாம் சேர்த்து விற்றது சுமார் 43 லட்சம். அதிலும் பாதிக்கும் மேல் எஸ்யூவி ரக வண்டிகள். 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 100 வீடுகளில் எட்டுக்கும் குறைவான வீடுகளில்தான் கார் இருக்கிறது.

இது வெறும் வியாபாரக் கணக்கு இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளுடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. உயிரிழப்பு 17,884.

மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும் அந்த நான்கு பேருக்கு மாற்று என்ன என்பது, உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

நானோ: ஐடியா எப்படி வந்தது?

மழையில், வழுக்கும் ரோட்டில், ஒரே ஸ்கூட்டரில் குடும்பமாகப் போகிறவர்களைத் தொடர்ந்து பார்த்ததுதான் இந்தக் காரை உருவாக்கத் தூண்டியது என்று ரத்தன் டாடா பலமுறை சொல்லியிருக்கிறார். 2022ல் இன்ஸ்டாகிராம் பதிவிலும் அதையே நினைவுகூர்ந்தார். ஸ்கூட்டரைப் பாதுகாப்பானதாக மாற்ற முடியுமா என்றுதான் முதலில் யோசித்தார்கள். பக்கத்தில் கம்பி, மேலே கூரை என்று ஆரம்பித்த யோசனை கடைசியில் முழு காராக முடிந்தது.

2003ல் ஜெனீவா மோட்டார் ஷோவில், விலை சுமார் ஒரு லட்சம் ரூபாய் என்று ரத்தன் டாடா சொன்ன தகவல் செய்தியானது. 2008 ஜனவரி 10ஆம் தேதி டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காரை மேடையேற்றியபோது, இரும்பு, ரப்பர் என எல்லாமே விலை ஏறியிருந்தது. ஆனாலும் ஒரு லட்சம் என்ற வாக்கில் மாற்றமில்லை என்று அறிவித்தார். அது டீலருக்கான விலை. வரி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்தபோது அடிப்படை மாடலே 1.2 லட்சம் ரூபாயைத் தாண்டியது.

ஒரு லட்சத்துக்குள் எப்படி அடக்கினார்கள்?

பெரிய ரகசியம் எதுவுமில்லை. தேவையில்லை என்று தோன்றியதை எல்லாம் எடுத்துவிட்டார்கள். 624 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின். அதுவும் பின்பக்கம். வண்டியின் எடை சுமார் 600 கிலோ. சக்கரத்துக்கு நான்கு நட்டுக்குப் பதில் மூன்று. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அடிப்படை மாடலில் ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, இடது பக்கக் கண்ணாடியும் கிடையாது. பின்கதவு திறக்காது. பின்னால் சாமான் வைக்க வேண்டுமென்றால் சீட்டை மடித்து உள்ளேயிருந்துதான் வைக்க வேண்டும்.

வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே இடம் தாராளம். நான்கு பெரியவர்கள் கால் நீட்டி உட்காரலாம். இன்ஜினியரிங் என்று பார்த்தால் நானோ ஒரு சாதனை. அதை அன்று விமர்சித்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

சிங்கூரில் தொடங்கிய சிக்கல்

நானோ தொழிற்சாலைக்கு முதலில் தேர்வான இடம் மேற்கு வங்கத்தின் சிங்கூர். சுமார் 997 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. நிலம் கொடுக்க விரும்பாத விவசாயிகள் போராடினார்கள். மம்தா பானர்ஜி தலைமையில் போராட்டம் வலுத்தது. 2008 அக்டோபர் 3ஆம் தேதி டாடா வெளியேறியது. அடுத்த சில நாட்களிலேயே குஜராத்தின் சானந்த் தேர்வானது. அங்கே தொழிற்சாலை திறக்கப்பட்டது 2010 ஜூனில்தான்.

சிங்கூரில் நிலம் எடுத்தது செல்லாது என்று 2016ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபக்கம், அங்கே செய்த முதலீட்டு இழப்புக்காக டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்க வேண்டும் என்று 2023ல் நடுவர் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நிலம் கொடுத்தவர்களின் வலியும் உண்மை, போட்ட பணம் போனதும் உண்மை.

காரைப் பொறுத்தவரை இதனால் நடந்தது ஒன்றுதான். எல்லோரும் ஆசையோடு கேட்ட நேரத்தில் கொடுக்க வண்டி இல்லை.

இரண்டு லட்சம் புக்கிங்... பிறகு என்ன ஆச்சு?

2009 மார்ச் 23ல் அறிமுகம். ஏப்ரலில் புக்கிங் திறந்தது. இரண்டே வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் பணம் கட்டினார்கள். யாருக்கு முதலில் கார் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டிய நிலை. கோயில் தேர் போல எல்லோரும் சேர்ந்து இழுத்த வண்டி அது.

2010ல் சில நானோ கார்கள் தீப்பிடித்த செய்திகள் வந்தன. வடிவமைப்பில் குறை இல்லை என்று நிறுவனம் சொன்னது. கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளை இலவசமாகச் செய்துதர முன்வந்தது. ஆனால் எரியும் காரின் படம் மனதில் பதிந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் விற்றது வெறும் 509 கார்கள்.

பிறகு கொஞ்சம் எழுந்தது. 2011-12ல் சுமார் 74 ஆயிரம் கார்கள் விற்றன. நானோவின் உச்சமே அவ்வளவுதான். சானந்த் ஆலையின் திறனோ ஆண்டுக்கு 2.5 லட்சம். 2015ல் பின்கதவு திறக்கும் வசதியோடும், கியர் மாற்றத் தேவையில்லாத மாடலோடும் புதிய நானோ வந்தது. அப்போதும் எடுபடவில்லை. 2018 ஜூன் மாதம் முழுக்கத் தயாரானது ஒரே ஒரு கார். அத்தோடு கதை முடிந்தது.

கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. காரின் செலவு எப்போதுமே ஒரு லட்சத்துக்கு மேல்தான் இருந்தது, ஒருகட்டத்தில் நஷ்டம் 1,000 கோடி ரூபாய் வரை போனது என்று 2016ல் டாடா குழுமத்திலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி தன் கடிதத்தில் எழுதினார்.

எங்கே இடித்தது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'உலகின் மிக மலிவான கார்' என்ற பட்டம். நம் ஊரில் கார் என்பது நான்கு சக்கரம் மட்டும் இல்லை. பொண்ணு பார்க்கப் போகும்போது வாசலில் நிற்கும் மரியாதை அது. பத்து வருஷம் சேமித்து கார் வாங்குகிற ஒருவரிடம், "ஓ, அந்த ஒரு லட்ச ரூபாய் வண்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் போதும், வாங்கிய சந்தோஷம் அன்றோடு சரி. மலிவு கார் என்று விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே 2013ல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது காரணம், பழைய கார். ஒரு லட்சம் ரூபாய்க்கு கார் என்பது 2009க்கு முன்பே இந்தியாவில் இருந்தது. செகண்ட் ஹேண்ட் மாருதி 800 என்ற பெயரில். 1983 டிசம்பரில் வந்த அந்தக் காருக்கு எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், பாகம் கிடைக்கும், வாங்கிய விலையில் கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும். புது நானோவா, பழைய மாருதியா என்று வந்தபோது பலரும் பழையதன் பக்கம் போனார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதிகம் பேசப்படாததும் அதுதான். பைக் செய்யும் வேலை வேறு, கார் செய்யும் வேலை வேறு.

நான்கு பேர் ஸ்கூட்டரில் போகும் காட்சி மனதை உலுக்கும். ஆனால் அந்த ஸ்கூட்டர் தினமும் செய்வது என்ன? காலையில் ஒருவரை வேலைக்குக் கொண்டுபோகிறது. சந்தில் நுழைகிறது. நெரிசலில் இடுக்கில் புகுந்து வெளியே வருகிறது. ரேஷன் கடை வாசலில் இரண்டு அடி இடத்தில் நிற்கிறது. நான்கு பேரும் சேர்ந்து போவது கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. மாதத்தில் சில நாட்கள்.

அந்தச் சில நாட்களின் கஷ்டத்தை நானோ தீர்த்தது. மற்ற நாட்களின் வேலையை அதனால் பைக் அளவுக்குச் செய்ய முடியவில்லை. கார் வாங்கிய வீடுகளைக் கவனித்தாலே இது புரியும். அங்கேயும் பைக் வாசலில் நிற்கத்தான் செய்கிறது. கார் பைக்கின் இடத்தைப் பிடிப்பதில்லை. பைக்குக்கு மேல் கூடுதல் செலவாக வந்து சேர்கிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

இப்போதைய விலையில் ஓர் உதாரணக் கணக்கு. தினமும் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பைக்: 80 ஆயிரம் ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, மூன்று வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 2,650 ரூபாய். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோல் 1,500 ரூபாய். மாதம் மொத்தம் சுமார் 4,150 ரூபாய்.

கார்: மூன்று லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 6,370 ரூபாய். நகருக்குள் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் சுமார் 4,170 ரூபாய். மாதம் மொத்தம் சுமார் 10,540 ரூபாய்.

வித்தியாசம் மாதம் சுமார் 6,400 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், டோல் எதுவும் இதில் சேரவில்லை. காரை யாராவது சும்மா கொடுத்தால்கூட, பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 2,670 ரூபாய் கூடுதலாக வேண்டும். மாதம் 25 ஆயிரம் சம்பளம் வாங்கும் வீட்டில் இது பிள்ளையின் டியூஷன் பணம்.

அடுத்தது, நிறுத்த இடம். சென்னையில் வாடகை வீடு தேடியவர்களுக்கு 'டூ வீலர் பார்க்கிங் மட்டும்' என்ற வரி மனப்பாடமாகவே இருக்கும். கார் பார்க்கிங் உள்ள வீடு என்றாலே வாடகை ஒரு படி மேலே போகும். இந்தச் செலவு எந்த ஷோரூம் விலைப் பட்டியலிலும் வராது.

விலை இறங்கியதா, ஏறியதா?

3.49 லட்சம் என்பது குறைந்த விலைதானே என்று தோன்றலாம். வேறு மாதிரி அளந்து பார்ப்போம். ஒரு கார் விலைக்கு எத்தனை பைக் வாங்கலாம்?

2009ல் ஸ்பிளெண்டர் போன்ற சாதாரண பைக்கின் விலை சுமார் 40 ஆயிரம் ரூபாய். நானோ 1.2 லட்சம். அதாவது ஒரு கார் என்றால் மூன்று பைக். இன்று அதே ரக பைக் வரி குறைந்த பிறகு சுமார் 74 ஆயிரம் ரூபாய். மிக மலிவான பெட்ரோல் கார் 3.49 லட்சம். ஒரு கார் என்றால் கிட்டத்தட்ட ஐந்து பைக்.

பைக்கிலிருந்து காருக்கு ஏறும் படிக்கட்டு, நானோ காலத்தைவிட இன்று உயரமாகியிருக்கிறது.

ஏன் உயர்ந்தது? பாதுகாப்பும் மாசுக் கட்டுப்பாடும் கடுமையானதுதான் முக்கியக் காரணம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்துச் சோதித்தபோது நானோவுக்குக் கிடைத்தது ஜீரோ ஸ்டார். நானோ மட்டுமல்ல, ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத மாடல்களுக்கும் அதே ஜீரோதான்.

அதன் பிறகு விதிகள் மாறின. 2019ல் ஏபிஎஸ் பிரேக்கும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயமாகின. பிறகு முன் இருக்கையில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தது. இவை ஒவ்வொன்றும் சில ஆயிரங்களைக் கூட்டின. ஐந்து லட்சம் ரூபாய் காரிலும் பத்து லட்சம் ரூபாய் காரிலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. அதனால் அடி அதிகம் விழுந்தது மலிவு கார்களுக்குத்தான்.

அதற்காக விதிகளைத் தளர்த்தலாமா? குடும்பத்தைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகத்தானே கார் வேண்டும் என்கிறோம். மோதினால் நசுங்கும் காரைக் கொடுத்தால் அந்த நோக்கமே அடிபட்டுப் போகும். பைக்கைவிட எந்தக் காரும் பாதுகாப்பு என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஸ்கூட்டரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போன குடும்பம், கார் வாங்கியதும் நான்கு வழிச்சாலையில் 90ல் போகும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்றும் இந்த இழுபறி ஓயவில்லை. எஸ்-பிரஸ்ஸோவுக்கு 2022 டிசம்பரில் குளோபல் என்கேப் கொடுத்தது ஒரு ஸ்டார். மறுபக்கம், 2025 முதல் ஆல்டோ கே10 காரின் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது.

கார் என்று சொல்லாத கார்: பஜாஜ் கியூட்

நானோவுக்கு எதிர்ப்பக்கமாக யோசித்தது பஜாஜ். 2012ல் ஆர்இ60 என்ற பெயரில் காட்டப்பட்டு, பிறகு கியூட் ஆனது. 216 சிசி இன்ஜின், எடை சுமார் 400 கிலோ, உச்ச வேகம் 70 கிலோமீட்டர். இது கார் இல்லை, ஆட்டோவுக்கு மாற்று என்று நிறுவனமே சொன்னது. சட்டத்தில் இதற்கு இடமில்லாததால், 'குவாட்ரிசைக்கிள்' என்று தனி வகையை அரசு உருவாக்க வேண்டியிருந்தது. சொந்த உபயோகத்துக்கு அனுமதி கிடைத்தது 2018ல்தான்.

அதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது. 2019ல் மகாராஷ்டிராவில் அறிமுகமானபோது விலை 2.48 லட்சம் ரூபாய். அந்த விலைக்கு ஏசி இல்லாத, வேகம் போகாத வண்டி எதற்கு, இன்னும் கொஞ்சம் போட்டால் ஆல்டோவே வந்துவிடுமே என்று மக்கள் நினைத்தார்கள். சொந்த வண்டியாக அது ஓடவில்லை.

வெளிநாடுகளில் எப்படி நடந்தது?

பைக்கிலிருந்து சின்ன காருக்கு மாறிய நாடுகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி முழுக்க வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர்கள்தான். 1957ல் வந்த 479 சிசி ஃபியட் 500 அந்தக் குடும்பங்களை காருக்குள் ஏற்றியது. ஜெர்மனியில் முன்பக்கக் கதவு திறக்கும், முட்டை வடிவ ஐசெட்டா வந்தது. 1.6 லட்சத்துக்கும் அதிகமான ஐசெட்டாக்களை பிஎம்டபிள்யூ விற்றது. ஆனால் மக்களின் வருமானம் ஏறியதும் முட்டைக் கார்கள் மறைந்து, முழு கார்கள் வந்தன. அதாவது, காரின் விலை இறங்கியது பாதி, சம்பளம் ஏறியது மீதி.

ஜப்பான் கதை வேறு. 1949லேயே 'கேய்' என்று சின்ன கார்களுக்குத் தனி வகை உருவாக்கினார்கள். இன்று அதன் வரம்பு 660 சிசி இன்ஜின், 3.4 மீட்டர் நீளம். வரி குறைவு. கார் வாங்கும் முன் நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டிய நாட்டில், பல கிராமப்புறங்களில் கேய் கார்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்று ஜப்பானில் விற்கும் புதுக் கார்களில் சுமார் மூன்றில் ஒன்று கேய்தான். அங்கே கேய் கார் ஓட்டுவது யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. விலை மட்டும் இல்லாமல் வரி, பார்க்கிங் என எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்ததன் பலன் இது.

சமீபத்திய உதாரணம் சீனா. 2020 ஜூலையில் வூலிங் ஹாங்குவாங் மினி என்ற மின்சார கார் 28,800 யுவானுக்கு வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் மூன்று லட்சம் ரூபாய். ஒருமுறை சார்ஜ் செய்தால் 120 கிலோமீட்டர். ஆரம்ப மாடலில் ஏர்பேக் கிடையாது. ஆனால் அதை 'ஏழைகளின் கார்' என்று விற்கவில்லை. கலர் கலராக, இளைஞர்களுக்கான ஸ்டைல் வண்டியாக விற்றார்கள். 2021ல் சீனாவில் அதிகம் விற்ற மின்சார கார் இதுதான்.

அதே வூலிங் குடும்பத்தின் இன்னொரு குட்டி மின்சார கார்தான் இந்தியாவுக்கு எம்ஜி காமெட் என்ற பெயரில் 2023ல் வந்தது. ஆரம்ப விலை 7.98 லட்சம் ரூபாய். அதாவது ஸ்கூட்டர் குடும்பத்துக்கு எட்டாத இடத்தில்தான் அதுவும் வந்து நின்றது.

எல்லோரும் காருக்கு மாறினால் ரோடு தாங்குமா?

நானோ வந்தபோது சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எழுப்பிய கேள்வி இது. ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கைந்து பைக்குகள் நிற்கலாம். தினமும் ஒருவர் மட்டும் வேலைக்குப் போக கார் எடுத்தால், அண்ணா சாலையும் அவிநாசி சாலையும் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். நானோ ஜெயித்திருந்தால் இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருந்திருக்காது.

அதே சமயம் ஒன்றையும் மறக்கக் கூடாது. கார் வேண்டாம் என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்களிடம் ஏற்கெனவே கார் இருக்கிறது. ரோடு நெரிசலுக்கு இப்போதைய காரணம் ஸ்கூட்டரில் போகும் குடும்பமும் இல்லை.

அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு என்ன வழி?

ஒரு லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் இனி வராது. விலைவாசி உயர்வை மட்டும் கணக்கில் எடுத்தாலே அன்றைய ஒரு லட்சம் இன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டும். அதன் மேல் பாதுகாப்புச் செலவு. ஆக, இன்றைய 3.49 லட்சம்தான் கிட்டத்தட்ட இந்தக் காலத்து நானோ விலை. இதற்குக் கீழே போவது கடினம்.

எனவே நானோ சொல்லும் பாடம், இன்னும் மலிவாக ஒரு கார் செய்யுங்கள் என்பது இல்லை. அந்தக் குடும்பத்தின் இரண்டு தேவைகளையும் பிரித்துப் பாருங்கள் என்பதுதான்.

தினசரி ஒருவர் வேலைக்குப் போவது முதல் தேவை. அதற்கு பைக்கை மிஞ்ச ஆள் இல்லை. அதில் செய்ய வேண்டியது பைக்கைப் பாதுகாப்பாக்குவது: பிரேக், ஹெல்மெட், பள்ளமில்லாத ரோடு, பைக்கும் லாரியும் ஒரே தடத்தில் உரசாத சாலை அமைப்பு.

குடும்பமாக நான்கு பேர் போவது இரண்டாவது தேவை. மாதத்தில் சில நாட்கள்தான். அதற்கு வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வரும் பஸ்ஸும், நம்பி ஏறக்கூடிய ஷேர் ஆட்டோவும் இருந்தால் பாதி பிரச்சினை தீரும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் வந்தால் நான்கு பேரில் அம்மாவுக்கு டிக்கெட்டே வேண்டாம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எத்தனை ஊர்களில் அந்த பஸ் வருகிறது என்பதுதான் கேள்வி. பஸ் வராத இடத்தில்தான் நான்கு பேரும் ஸ்கூட்டரில் ஏறுகிறார்கள்.

வசதி கொஞ்சம் கூடியவர்களுக்கு இருக்கவே இருக்கிறது பழைய கார். நானோ கொடுக்க நினைத்ததை, சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பது செகண்ட் ஹேண்ட் சந்தைதான். ஆனால் பத்து வருஷப் பழைய காரில் புதுப் பாதுகாப்பு வசதிகள் இருக்காது என்பதை வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டப்படி பைக்கில் ஓட்டுபவரோடு இன்னும் ஒருவர்தான் போகலாம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து வரை விதி இருக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் ஆகியவை 2023 பிப்ரவரி முதல் கட்டாயம்.

இந்த விதி பலருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர்களும் குழந்தை ஹெல்மெட் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியிருக்கிறது. அபராத ரசீது போடும் வேகத்தில், குழந்தை அளவு ஹெல்மெட் எல்லாக் கடைகளிலும் கிடைக்கவும் வழிசெய்தால் பலன் இருக்கும்.

2024 அக்டோபரில் ரத்தன் டாடா மறைந்தபோது, சமூக வலைதளங்களில் பலரும் நானோவைத்தான் நினைவுகூர்ந்தார்கள். தோற்றுப்போன ஒரு காருக்கு இவ்வளவு பாசம் கிடைத்தது அபூர்வம். காரணம், அந்தக் கார் பார்த்த பிரச்சினை நிஜமானது. சொன்ன பதில்தான் முழுமையானதாக இல்லை.

மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கிய அந்தக் குடும்பம், மழை விட்டதும் மறுபடி அதே ஸ்கூட்டரில்தான் கிளம்பும். அவர்கள் கார் வாங்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. ஆனால் முன்னால் நிற்கும் பையனுக்கும், பின்னால் இருக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு ஹெல்மெட் வாங்க, எந்த ஜிஎஸ்டி குறைப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.